சோறில்லாமல் போட்ட பந்தி

போன வாரம் நம் ஓட்டல் சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை. உங்களில் ஒருவர், பெயரைச் சொல்லி மானத்தை வாங்க மாட்டேன், உயரத் தொப்பியைப் போட்டுக்கொண்டு க்ரீமில் காய்கறியைப் புரட்டிக்கொண்டிருந்தார். பெரிய கோயில் பார்க்க வந்த ஒரு குடும்பத்தின் மேஜைக்குப் போக வேண்டிய தட்டு அது. க்ரீம் திரிந்திருந்தது. சர்வர் தம்பி அதைச் சுட்டிக் காட்டினார். தொப்பிக்காரர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "சைடு டிஷ்தானே, அனுப்பு" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் கோபம் உங்களுக்குப் புதிதில்லை. வீட்டுக்குப் போன பிறகும் அடங்கவில்லை. "இன்னும் அந்த ஓட்டல்லயா உங்களுக்குச் சம்பளம் குடுக்குறாங்க?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனாலும் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகள் எல்லாரும் படியுங்கள், தொப்பிக்காரர் இரண்டு தடவை படிக்கட்டும்.

செய்முறை சொல்லப் போவதில்லை. அது உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. அதே பதார்த்தத்தை நான் ஒரு பகல் வேளையில் செய்ய நேர்ந்ததைச் சொல்கிறேன். அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்குச் சமைத்திருக்கிறேன், மந்திரிகளுக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும். அந்தப் பகலில் வந்த பிரமிப்பு மட்டும் எனக்கு இன்றுவரை தெளியவில்லை.

திருவாரூருக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே போகிற ஓர் ஊரில் ஒரு கன்னியர் மடம் இருந்தது. மடத்தோடு ஒட்டி ஒரு சின்ன ஆஸ்பத்திரி. இளவட்டமாக இருந்தபோது அங்கே சமையலுக்குச் சேர்ந்தேன். மடத்துத் தலைவி இத்தாலியிலிருந்து வந்தவர். ஊரே அவரை மதர் என்றுதான் கூப்பிட்டது. தமிழ் பேச அவர் பயந்ததே இல்லை, தமிழ்தான் அவரைக் கண்டு பயப்படும்.

நம் சாம்பாரையும் ரசத்தையும் முகம் சுளிக்காமல் சாப்பிடுவார். எப்போதாவது ஊர் ஞாபகம் வந்தால் மட்டும் சமையல்கட்டுக்குள் வந்து அங்கியின் கையை மடித்துவிட்டுக்கொள்வார். பிஞ்சுச் சுரைக்காய், தோட்டத்துப் பசலை, வெண்ணெயில் வதக்கிய பூண்டு, பால், பாலாடை, இறக்கும்போது மிளகும் கொஞ்சம் ஜாதிக்காயும். அவர்கள் ஊரில் வேறு காய் போடுவார்களாம், இங்கே சுரைக்காய்க்குத்தான் கொடுத்துவைத்திருந்தது. உலை கொதிக்கிற நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். அதற்கு அவர் சொன்ன பெயர் எங்கள் நாக்கில் புரளவில்லை. வெள்ளைக் கூட்டு என்று வைத்துக்கொண்டோம். சோற்றுக்குப் பக்கத்தில் ஓரமாக ஒரு கரண்டி வைப்போம், அவ்வளவுதான் அதன் அந்தஸ்து.

காலம் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். கறுப்பு சிவப்புக் கொடிக்காரர்கள் சென்னையில் ஆட்சிக்கு வந்திருந்தார்கள். பெரிய மாற்றம் என்று டீக்கடைப் பேப்பரில் படித்தோம். எங்கள் பக்கத்து வயல்களில் பறந்தது செங்கொடி. கூலி நெல்லைக் கூட்டிக் கொடு, வெளியூர் ஆளைக் கொண்டுவந்து அறுக்காதே என்று விவசாயத் தொழிலாளர் சங்கம் கேட்டது. மிராசுதார்கள் முடியாது என்றார்கள். அறுப்பு நேரம் வந்தாலே அடிதடி. சில ஊர்களில் குடிசைகள் எரிந்திருந்தன. எங்கள் ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரர்களை விட மண்டை உடைந்தவர்கள் அதிகம் வந்த நாட்கள் அவை.

எங்கள் ஊர் மிராசுதாரை ஐயா என்போம். அவருடைய வயலில் ஒரு பகுதியை அந்தத் தை மாதம் வெளியூர் ஆட்கள் போலீஸ் காவலோடு அறுத்துவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலம் சேரியில் கொடிக்கம்பத்தைத் தொட்டு எல்லாரும் ஒரு சத்தியம் செய்தார்கள். வெளியாள் அறுத்த நெல்லில் ஒரு பருக்கைகூட வாயில் வைப்பதில்லை. யார் கொடுத்தாலும், எங்கே கொடுத்தாலும். வாய்க்கால் நண்டும் நத்தையும் மரவள்ளியும் தின்றுகொண்டு பட்டினியும் பாதியுமாகக் கிடந்தார்கள். அந்தச் சத்தியத்தை மீறியவர் மறுபடி சங்கத்தில் நிற்க முடியாது. சேரியிலும் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

அந்தச் சத்தியத்தின் கனம் எனக்குத் தெரிய வந்தது ஆஸ்பத்திரி வார்டில். அஞ்சலை என்று ஓர் அம்மா, நடவு ஆட்களுக்கு முன்னால் நின்று பேசுகிறவர், சங்கத்திலும் அவருக்கு மரியாதை உண்டு. அவருடைய மகனுக்குப் பேதி. நான் கஞ்சி கொண்டுபோனேன். பையன் கையை நீட்டிவிட்டான். அந்த அம்மா கிண்ணத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, இது எந்த அரிசி?"

"மடத்துப் பழைய அரிசிதாங்க. போன வருஷத்து நெல்லு."

"சரிங்க."

அவ்வளவுதான். உடனே ஊட்ட ஆரம்பித்துவிட்டார். நான் அங்கேயே நின்றேன். அந்தப் பையன் முந்தின நாளிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். நான் வேறு பதில் சொல்லியிருந்தால் அந்த அம்மா கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பார். நான் பொய் சொல்லியிருந்தால் அதையும் நம்பி ஊட்டியிருப்பார். வெறும் என் வாய்வார்த்தை. நம் தொழிலில் இவ்வளவு பெரிய விஷயம் இருக்கிறதா என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

அதற்குச் சில நாள் கழித்துத்தான் பேச்சுவார்த்தை வந்தது. ஐயாவின் மிச்ச வயல் முற்றிக் கதிர் சாய்ந்து நின்றது. இன்னும் விட்டால் மணி உதிர்ந்துவிடும். பேச்சு முறிந்தால் மறுநாள் விடிந்ததும் வெளியூர் ஆட்கள் இறங்குவார்கள், சேரி ஆட்கள் வரப்பில் குறுக்கே படுப்பார்கள், போலீஸ் சும்மா இருக்காது. யாருக்கும் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஐயா வீட்டுக்குச் சங்கத்துக்காரர்கள் வர மாட்டார்கள். சேரிக்கு ஐயா போக மாட்டார். வருவாய்க் கோட்ட அதிகாரியான ஆர்.டி.ஓ. புது ஆள், வயசு குறைவு, நல்ல மனசு. மடத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று மதரைக் கேட்டார். மதர் சரி என்றார். பகல் சாப்பாடும் அங்கேயே, எல்லாரும் ஒரே மேஜையில். இது சங்கத்தின் நிபந்தனை. அந்தக் காலத்தில் அதுவே ஒரு போராட்டத்துக்குச் சமம். ஐயா ரொம்ப யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டோம்.

அன்று காலையில் ஐயா வீட்டிலிருந்து ஒரு மூட்டை அரிசி வண்டியில் வந்து இறங்கியது. தை மாதத்தில் மடத்துக்குக் காணிக்கையாக அரிசி அனுப்புவது அந்த வீட்டு வழக்கம். விருந்து என்றால் நம் பக்கத்தில் பழைய அரிசிதான் மரியாதை. புது அரிசி குழைந்துபோகும், அதை விருந்தாளிக்குப் போட மாட்டோம். எனவே பழைய அரிசியாகத்தான் இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். மடத்து அரிசியோ அன்று காலை நோயாளிகளின் கஞ்சியோடு தீர்ந்திருந்தது. மூட்டையைப் பிரித்து அளந்து களைந்தேன். கழுநீர் கெட்டியாக, பால் மாதிரி இறங்கியது. பழைய அரிசிக்கு இப்படி வராதே என்று ஒரு நொடி தோன்றியது. வேலை மும்முரம். ஊற வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

பேச்சு உள்ளே சூடாக நடந்துகொண்டிருந்தது. வாசலில் புங்கமரத்தடியில் சேரி சனம் முழுக்க வந்து உட்கார்ந்திருந்தது. ஐயாவின் காரியஸ்தர் சமையல்கட்டுக்குள் வந்தார். ஐயாவின் நிலம், வசூல், வழக்கு எல்லாம் பார்க்கிறவர் அவர். நல்ல ஜவ்வாது வாசனை. உலைப்பானையையும் ஊறுகிற அரிசியையும் பார்த்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"என்ன சூசை, நம்ம அரிசிதானே வைக்கிறே?"

"ஆமாங்க. இப்பத்தான் உலையில போடப் போறேன்."

"போடு போடு. எல்லாருக்கும் வயிறு நெறையப் போடு. முக்கியமா அந்தச் சங்கத்துப் பயலுவளுக்கும் அந்த அஞ்சலைக்கும்." குரலைத் தணித்தார். "தெக்கு வெளி நெல்லுடா இது. போலீஸ் நின்னு அறுத்துச்சே, அது. அவசரமா மில்லுல குடுத்து அரைச்சுக் கொண்டாந்தேன். அவங்க தின்னு கை கழுவட்டும், மரத்தடிக் கூட்டத்துக்கு நான் சொல்லிக்கிறேன். அப்புறம் சத்தியமாவது சங்கமாவது."

கரண்டியைப் பிடித்தபடி நின்றேன்.

"மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? நீ நம்ம ஆளுடா. உங்கப்பன் யாரு வாசல்ல கைகட்டி நின்னான், நீ படுக்குற வீடு யாரு மனையில நிக்குது, எல்லாம் ஞாபகம் இருக்குல்ல?"

ஞாபகம் இருந்தது. எங்கள் வீடு நின்றது ஐயாவின் மனையில். என் அம்மாவும் கல்யாணத்துக்கு நின்ற தங்கையும் அங்கேதான் இருந்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் மறுநாள் சாமான்கள் தெருவில் கிடக்கும். அப்படிக் கிடந்ததை வேறு வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

அவர் போய்விட்டார். உலை கொதித்து மூடி ஆடியது. பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் உங்களை என்னோடு கொஞ்சம் நிற்கச் சொல்கிறேன். அரிசியை உலையில் போட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. வெள்ளையாகத்தான் வேகும், சோறாகத்தான் இருக்கும். என் வீடும் தப்பும். உள்ளே போய் உண்மையைச் சொன்னாலோ சங்கத்துக்காரர்கள் அந்த நிமிஷமே எழுந்து வெளியே போவார்கள். பேச்சு முறியும். மறுநாள் வரப்பில் யார் யார் விழுவார்கள் என்று சொல்ல முடியாது. கடையில் வேறு அரிசி வாங்கலாம் என்றால், அந்த வாரம் கடைக்கு வந்த அரிசி யார் அறுத்தது என்று எந்தக் கடைக்காரர் சத்தியம் செய்வார்?

பொய்யும் சொல்லக் கூடாது, உண்மையையும் உடைக்கக் கூடாது, சாப்பாடும் நேரத்துக்குப் போக வேண்டும். உலையை இறக்கி வைத்தேன். அரிசியை வடித்துக் கூடையில் கொட்டினேன். தாழ்வாரத்துக்கு ஓடி மதரைக் கையசைத்துக் கூப்பிட்டேன்.

"மதர், சோறு வேணாம்."

"என்ன சூசை? விருந்தில் சோறு இல்லை என்றால் தஞ்சாவூர் என்னை மன்னிக்குமா?"

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டு மனை விஷயத்தைச் சொல்லவில்லை. அது அவருக்குத் தெரிந்தே இருந்தது. அவர் முகம் சிவந்தது. கோபப்பட்டு உள்ளே போய்க் கத்துவார் என்று நினைத்தேன். கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"எந்த அரிசி என்று அஞ்சலை அம்மா உன்னை இன்றைக்குக் கேட்பாங்களா?"

"கேக்க மாட்டாங்க மதர். நம்ம அடுப்புன்னா இனிமே கேக்க மாட்டாங்க."

"அப்படி என்றால் இன்னும் மோசம்" என்றார்.

பிறகு அங்கியின் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "வெள்ளைக் கூட்டு. நிறைய. ரொட்டி. முடியுமா?"

"முடியும் மதர்."

முடியும் என்று சொல்லிவிட்டேனே தவிர, சோற்றுக்கு ஓரமாகப் போடுகிற பதார்த்தத்தை வைத்து முழுப் பந்தியைச் சமாளிப்பது எப்படி என்று தெரியவில்லை. சோறு இல்லாத சாப்பாட்டை நம் பக்கத்தில் சாப்பாடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், பலகாரம் என்பார்கள். விருந்துக்குக் கூப்பிட்டுச் சோறு போடாமல் அனுப்பினால் பகைக்குக் காரணம் வேறு வேண்டாம். இரண்டு பக்கமும் அவமானம் என்று எடுத்துக்கொண்டு எழுந்தால்?

தோட்டக்காரரை சைக்கிளில் கடைத்தெரு பாய் பேக்கரிக்கு விரட்டினேன். மதர் கேட்டார் என்று சொன்னதும் பாய் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். அடுப்பிலிருந்து அப்போது இறக்கிய ரொட்டியை அப்படியே கோணியில் கட்டிக் கொடுத்திருக்கிறார். "பேச்சு நல்லபடியா முடியணும், துஆ செய்றோம்னு சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினார். இதற்குள் கொடியிலிருந்த பிஞ்சுச் சுரைக்காய் முழுவதையும் சிஸ்டர்மார் பறித்துக் கொண்டுவந்து போட்டார்கள். நோயாளிகளுக்குப் போக மிஞ்சிய பால் அத்தனையும் வந்தது.

ஓர் இடத்தில் கை தவறப் பார்த்தேன். காய் வெந்து சுண்டுகிறது, உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்கிறது, பந்திக்கு எழுந்துவிட்டார்கள். நெருப்பு கொழுந்துவிட்டு எரியும்போதே பாலை மொத்தமாகக் கவிழ்க்கக் குண்டானைத் தூக்கிவிட்டேன். கவிழ்த்திருந்தால் திரிந்திருக்கும், வேறு பாலும் கிடையாது. மதர் என் தோளைத் தொட்டார். விறகை வெளியே இழுத்துவிட்டு, சட்டி அடங்கும்வரை நின்றோம். அவ்வளவு அவசரத்தில் ஒன்றும் செய்யாமல் நிற்பதைப் போலக் கடினமான வேலை நம் தொழிலில் இல்லை. பிறகு பாலை மெல்ல விட்டேன். சேர்ந்துகொண்டது. பளபளவென்று கெட்டியாக இறங்கியது. தொப்பிக்காரரே, கவனிக்கவும்.

மதர் முன்னால் போய் மேஜைத் தலைமாட்டில் நின்றார். ஒரு பக்கம் ஐயாவும் அவர் மனிதர்களும். எதிர்ப்பக்கம் சங்கத்துக்காரர்கள், நடுவில் அஞ்சலை அம்மா. நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஐயாவுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்வது அவர்களுக்கு அன்றுதான் முதல் தடவை.

"இன்று என் வீட்டுச் சாப்பாடு" என்றார் மதர். "என் அம்மா வீட்டில் இப்படித்தான். ரொட்டி, இது. சோறு இல்லை. பிடிக்கவில்லை என்றால் என் அம்மாவைத் திட்டுங்கள், அவர் பரலோகத்தில் இருக்கிறார், கோபப்பட மாட்டார்."

ஆர்.டி.ஓ. சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. நான் பரிமாறிக்கொண்டே போனேன். அஞ்சலை அம்மாவின் தட்டில் வைக்கும்போது என் முகத்தைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. ரொட்டியைப் பிட்டு, வெள்ளைக் கூட்டில் தோய்த்து வாயில் வைத்தார். அவர் சாப்பிட ஆரம்பித்ததும் அந்த வரிசை முழுக்கச் சாப்பிட்டது. ஐயாவும் ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று ஆர்.டி.ஓ.விடம் சொன்னார்.

மூச்சு விட்டுக்கொண்டு சமையல்கட்டுக்குத் திரும்பினேன். பின்னாலேயே காரியஸ்தர் வந்து கதவைச் சாத்தினார்.

"சோறு எங்கடா?"

"வைக்கலைங்க."

"ஏன்?"

"தெரியாம சாப்பிட வைக்க எனக்கு மனசு வரலைங்க."

"மனசா? நாளைக்கு உங்காத்தாளத் தெருவுல நிறுத்துறேன், அப்பப் பாருடா மனச!" என் சட்டையைப் பிடித்துவிட்டார். கை பட்டுத் தாம்பாளம் ஒன்று விழுந்து மடமே அதிரும்படி சத்தம் போட்டது.

கதவு திறந்தது. ஐயா நின்றுகொண்டிருந்தார். சாப்பிட்ட கையோடு வந்திருந்தார்.

"என்ன சத்தம் இங்க?"

காரியஸ்தர் என்னை விட்டுவிட்டு வேட்டியைச் சரி செய்தார். "ஒண்ணுமில்லைங்க ஐயா. நம்ம காணிக்கை அரிசிய இவன் வைக்காம ஒளிச்சுட்டான். விருந்துல நமக்குத்தானே மரியாதைக் குறைவு, அதான்."

ஐயா கூடையைப் பார்த்தார். குனிந்து இடது கையால் ஈர அரிசியை அள்ளினார். பிறந்ததிலிருந்து நெல்லுக்கு நடுவில் வளர்ந்தவர், அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இது புதுசுல்ல? விருந்துக்குப் புது அரிசியா அனுப்பினே?"

காரியஸ்தர் குனிந்து, விழுந்த தாம்பாளத்தை எடுத்தார்.

"எந்த வயலு?"

"எல்லாம் உங்க நல்லதுக்குத்தாங்க ஐயா..."

"எந்த வயலுன்னு கேட்டேன்."

"தெக்கு வெளிங்க."

ஐயாவின் முகம் மாறியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவருக்கு இது தெரியாது. தெரிந்து நடித்தவர் முகம் அப்படிக் கறுக்காது. அரிசியைக் கூடையில் உதிர்த்தார். என் பக்கம் திரும்பி, "அதனாலதான் சோறு வைக்கலையா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். "யாருக்கும் சொல்லலையா?" என்றார். மதருக்கு மட்டும் என்றேன். திரும்பிக் கூடத்துக்கு நடந்தார்.

அவர் அப்படியே போய் உட்கார்ந்திருக்கலாம். மூட்டையை அமுக்கிவிட்டு, காரியஸ்தரைத் தனியாகத் திட்டிவிட்டு, பேச்சைத் தொடர்ந்திருக்கலாம். அவருக்கு நட்டம் ஒன்றும் இல்லை. நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். கூடத்தில் அவர் உட்காரவில்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்று, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு விஷயம் சொல்லணும். எங்க வீட்டுலேருந்து வந்த அரிசி தெக்கு வெளி நெல்லு. உங்களத் தெரியாம சாப்பிட வெச்சு, அப்புறம் ஊரு முழுக்கச் சொல்றதா ஏற்பாடு. எனக்குத் தெரியாது. ஆனா என் ஆளு செஞ்சா அது நான் செஞ்ச மாதிரிதான். இந்த சூசை அத வைக்கல."

ஆர்.டி.ஓ. வெளிறிப்போய்விட்டார். சங்கத்து இளைஞர் ஒருவர் விருட்டென்று எழுந்தார், அவர் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். காவலுக்கு வந்திருந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அவ்வளவுதான், எல்லாம் போய்விட்டது, எதைத் தடுக்க இத்தனை பாடு பட்டேனோ அது நடக்கப்போகிறது என்று நினைத்தேன்.

"உக்காருங்கப்பா" என்றார் அஞ்சலை அம்மா.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் உட்கார்ந்தார்கள்.

அவர் ஐயாவை நேராகப் பார்த்தார். "இத எங்ககிட்ட ஏன் சொல்றீங்க? சொல்லாட்டி எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுங்களே."

"நாளைக்கு வேற வாயி மூலமா வேற மாதிரி வரும். நான் சொன்னதா இருக்கட்டும்" என்றார் ஐயா. பிறகு, "நானும் இந்த மேசையில உக்காந்து சாப்பிட்டிருக்கேன்ல" என்றார்.

பிள்ளைகளே, ஊருக்கே படியளக்கிறவர் என்று நாங்கள் ஒதுங்கி நின்று பார்த்த மனிதர் அவர். அவர் தாமாக அவர்களுக்கு முன்னால் தலை குனிவார் என்று யாராவது முந்தின நாள் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நான் அவர் பக்கத்து ஆள் இல்லை, அவருடைய வயல் நியாயம் எனக்கு அன்றும் ஒப்பவில்லை, இன்றும் ஒப்பவில்லை. ஆனால் அந்த நிமிஷம் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அஞ்சலை அம்மா என் பக்கம் திரும்பினார். "அண்ணே, தெரிஞ்சுதான் சோறு வைக்கலையா?"

"ஆமாங்க."

"வீடு அவங்க மனையிலல்ல இருக்குது?"

ஐயா எனக்காகச் சொன்னார்: "அந்த வீட்ட யாரும் தொட மாட்டாங்க."

எல்லாரும் அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாசலில் மரத்தடிக் கூட்டம் முணுமுணுப்பது கேட்டது. அவர் எழுந்தால் எல்லாரும் எழுவார்கள். மறுநாள் காலை, வரப்பு, வெளியூர் ஆட்கள், போலீஸ், எல்லாம் அவர் காலடியில் இருந்தது. பட்டினி கிடந்து கன்னம் ஒட்டிப்போன முகம். காலையிலிருந்து பேசிய களைப்பு. மேஜையில் பாதி சாப்பிட்ட தட்டு.

நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவர் நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்தார். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மிச்ச ரொட்டியால் தட்டைச் சுற்றி வழித்துச் சாப்பிட்டு முடித்தார். பிறகு வெறும் தட்டை என் பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் இருக்குதுங்களா?"